‘கோ’ காணாமல் போன கூட்டம்

என்னோடு வேலை பார்த்த திவ்யா போன மாதம் வாட்சாப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். “அக்கா, அந்தக் காலத்துல லைப்ரரியெல்லாம் நீங்களே கையால போட்டு லிங்க் பண்ணுவீங்களாமே, உண்மையா? இப்ப மெஷின்கிட்டச் சொன்னா அதுவே போட்டுக் குடுக்குது லா.” அந்தக் காலம் என்று அவள் சொன்னது, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும் நம்மை இவ்வளவு சீக்கிரம் அருங்காட்சியகத்தில் வைத்துவிடுகிறார்கள்.

அவளுக்குச் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். அதில் எழுத முடியாமல் போன ஒரு கதை இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

கணினி பக்கம் போகாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சி மொழியில் எழுதும் புரோகிராமுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. முக்கியமாக, எழுத்து என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தாம். தமிழ், சீனம், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி என்று வரும்போது, எழுத்துகளைப் புரிந்து கையாளும் வேலையை முன்பே யாரோ எழுதிக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கட்டுதான் லைப்ரரி. அதை நம் கணினியில் நிறுவ வேண்டும். பிறகு நம் புரோகிராமோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்கு லிங்க் என்று பெயர். இந்த இரண்டு வேலைகளில்தான் என் தலை நரைத்தது.

நான் பிறந்தது மலேசியாவில், சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஈப்போவுக்கு வந்து படித்தேன், சி கற்றுக்கொண்டேன், சில இடங்களில் வேலை பார்த்தேன், கடைசியில் காதர் பாயிடம் வந்து சேர்ந்தேன். மற்றதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

காதர் பாயின் கம்பெனி அவருடைய அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே மீன் தலைக் கறி கொதிக்கும். மேலே நாங்கள் புரோகிராம் எழுதுவோம். பாய் கம்ப்யூட்டர் படித்தவர்தான். ஆனால் சின்ன வயதிலிருந்து கடையில் நின்றவர் என்பதால், எந்த மென்பொருளைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: “ஓடுதா?” ஓடுகிறது என்று சொன்னால் பில் போட்டுவிடுவார். சரியாக ஓடுகிறதா என்பது அவரைப் பொறுத்தவரை வேறொரு கேள்வி. அதற்குத் தனியாக ஒரு பில் உண்டு.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வாடிக்கையாளர் யாராவது மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் போதும், “லலிதா, அந்த ஓடுற எழுத்தப் போடு லா” என்பார். ஓடுற எழுத்து என்றால், ஒரு லைப்ரரியை அதன் மூல நிரலிலிருந்து கட்டும்போது கறுப்புத் திரையில் வரி வரியாக மேலே ஓடுமே, அது. இந்தக் கணினியில் இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இருக்கிறது என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு போகும். நிறுவி முடிந்துவிட்ட லைப்ரரியையே பாயின் மரியாதைக்காக நான் எத்தனையோ தடவை மறுபடி கட்டியிருக்கிறேன்.

டத்தோ சோமநாதன் முதன்முதலாக எங்கள் மாடிக்கு வந்த அன்றும் அது ஓடிக்கொண்டிருந்தது.

டத்தோ என்பது சுல்தான் கொடுக்கும் பட்டம். அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர். சங்கத்தின் பெயர் வேண்டாம். பழைய தோட்டப் பாட்டாளிகள் சேர்ந்து ஆரம்பித்தது. பேராக் மாநிலம் முழுக்க உறுப்பினர்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓடும் வரிகளைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

“எல்லாத்துக்கும் யெஸ் யெஸ்ஸுன்னே சொல்லுதே பாய்! அப்படியே நம்ம கமிட்டி மாதிரி இருக்கு.”

அந்த ஒரு காட்சிக்காகவே வேலையை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

வேலை இதுதான். சங்கத்தின் பொதுக்கூட்டம் வருகிறது. மண்டப வாசலில் உறுப்பினரின் பெயரைத் தட்டினால், அவர் உறுப்பினர்தானா என்று கணினி சொல்ல வேண்டும். பெயரைத் தமிழில் தட்ட வேண்டும்.

“ஐசி நம்பரை வச்சே தேடலாமே டத்தோ, சுலபமா இருக்கும்” என்றேன். ஐசி என்றால் அடையாள அட்டை.

“லலிதா, நம்ம மொழிக்கு நம்மளே ரெஸ்பெக்ட் குடுக்கலன்னா வேற யாரு குடுப்பா? தமிழ்ல தான் செர்ச் பண்ணணும். முக்தாமாட்!” என்று ஒரே மூச்சில் மூன்று மொழிகளில் தமிழுக்காகப் பேசினார். முக்தாமாட் என்றால் மலாயில் முடிவானது என்று பொருள்.

அதோடு ஒரு விதியும் போட்டார். காகிதப் பட்டியல் இனிக் கிடையாது. கணினியில் பெயர் இல்லாதவர் மண்டபத்தில் உட்கார முடியாது. கணினியின் முடிவே இறுதி முடிவு. செயலாளர் மணிமாறன் அதைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் அனுப்பினார்.

இவ்வளவு கறாருக்குக் காரணம் இருந்தது. கோலா கங்சார் பக்கம் சங்கத்துக்கு ஒரு நிலம் உண்டு. பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் எஞ்சிய பகுதி. பால் மரங்கள் போய்விட்டன. சில குடும்பங்கள் மட்டும் அங்கேயே வீடு கட்டி இருக்கிறார்கள். ஒரு வீடமைப்பு நிறுவனம் அந்த நிலத்தைக் கேட்டது. விற்க வேண்டும் என்றார் டத்தோ. கூடாது என்றார்கள் அங்கே குடியிருப்பவர்கள். கூட்டத்தில் ஓட்டு. கண்டவர்களும் உள்ளே வந்து கத்தக்கூடாது என்பது டத்தோவின் எண்ணம்.

சங்கத்தில் எழுத்தர் சரஸ்வதி தட்டி வைத்திருந்த உறுப்பினர் பெயர்களை வாங்கிச் சோதித்தபோதுதான் சிக்கலைப் பார்த்தேன். ‘கோ’ என்ற எழுத்து தாளில் ஒன்றுதான். கணினிக்குள் அதை இரண்டு விதமாக வைக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம். அல்லது இரட்டைக்கொம்பு தனியாக, கால் தனியாக என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம். திரையில் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ‘கொ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே கதைதான். சரஸ்வதி பழகியது பழைய விசைப்பலகை. அவர் தட்டியது எல்லாம் கொம்பு வேறு, கால் வேறு. இப்போதைய விசைப்பலகையில் தட்டினால் ஒரே துண்டு. எண்ணை எண்ணோடு ஒப்பிடும் சி, இரண்டும் வேறு ஆட்கள் என்று முடிவு கட்டிவிடும்.

இதற்காகவே உள்ள லைப்ரரி ஒன்றை நிறுவினேன். எப்படித் தட்டிய பெயரானாலும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடும்படி புரோகிராமை மாற்றி எழுதினேன். எங்கள் கம்பெனி மடிக்கணினிகள் எல்லாவற்றிலும் அந்த லைப்ரரியைப் போட்டுச் சோதித்தேன். அத்தனை பேரும் கிடைத்தார்கள்.

“ஓடுதா?” என்றார் பாய்.

“சரியா ஓடுது பாஸ்.”

“ஓடுது இல்ல? அது போதும்” என்று பில்லை எடுத்தார்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில். நான் காலைப் பசியாறிக்கொண்டிருந்தபோது பாய் போன் செய்தார்.

“லலிதா, இங்க என்னமோ லைப்ரரி காணோங்குது லா. திறக்கவே மாட்டேங்குது.”

“நம்ம மெஷின்ல எல்லாம் இருக்கே பாஸ்?”

“நம்ம மெஷின் இல்ல. மணிமாறன் நமக்குக் குடுக்கிற வாடகைய மிச்சம் பிடிக்கிறேன்னு, அவரு அக்கா மகன் டியூஷன் சென்டர்ல இருந்து லேப்டாப் கொண்டாந்துட்டாரு.”

எனக்கு விளங்கிவிட்டது. புரோகிராமை மட்டும் புது மடிக்கணினிகளுக்கு நகல் எடுத்திருக்கிறார்கள். நான் இணைத்திருந்த முறையில், லைப்ரரி புரோகிராமுக்குள் இருக்காது. கணினியில் தனியாக இருக்கும். புரோகிராம் தொடங்கும்போது போய் எடுத்துக்கொள்ளும். டியூஷன் சென்டர் கணினியில் எடுக்க ஒன்றுமில்லை. “எதையும் தொடாதீங்க, நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

நான் போவதற்குள் பாய் தொட்டுவிட்டார். அவருடைய பென்டிரைவில் அந்தப் புரோகிராமின் பழைய பிரதி ஒன்று கிடந்திருக்கிறது. நான் லைப்ரரியை இணைப்பதற்கு முந்தியது. அதை எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டு, வாசலில் தே தாரிக் டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தியா, லைப்ரரியே வேணாம். ஜம்முனு ஓடுது!”

உண்மையிலேயே ஓடியது. முனியாண்டி வந்தார், உள்ளே போனார். பார்வதி, ராமசாமி, சரசு எல்லாரும் போனார்கள். நான் பாயிடம் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது முதல் மேசையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கட்டம் போட்ட சட்டை, கையில் மடக்குக் குடை. மேசையில் இருந்த டியூஷன் சென்டர் டீச்சர் பெயர் கேட்டார்.

“கோபால்.”

டீச்சர் தட்டினார். “இல்லையே அங்கிள்.”

“நல்லாப் பாரும்மா. கோபால். கோலா கங்சார்ல இருந்து வாரேன். லோரி ஓட்டுன கோபால்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்.”

“தெரியும் அங்கிள், கம்ப்யூட்டர்ல இல்லையே.”

செயலாளர் மணிமாறன் ஓடி வந்தார். விதியை வாசித்துக் காட்டினார். பெரியவரை வெளியே கூடாரத்தின் கீழ், கால்வாய் ஓரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்காரச் சொன்னார்.

கோபால் அண்ணன் உட்காரவில்லை. “நான் குடியிருக்கிற வீட்டத்தான் உள்ள விக்கப் போறீங்க. கித்தாக்காட்டுல எங்க அப்பா அம்மா பால் வெட்டிக் கட்டுன சந்தா. இப்ப என்னைய ஆளே இல்லங்கிறீங்களா?”

“நான் சொல்லல அண்ணே, கம்ப்யூட்டர் சொல்லுது.”

“அதுக்கு என்னையத் தெரியுமா?”

மணிமாறன் கையிலிருந்த சுற்றறிக்கையை மறுபடியும் பிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கின. பொன்னுசாமி வந்தார். சொர்ணம் அக்கா வந்தார். யோகேஸ்வரி, தொப்பளான், லோகையா. லகாட்டிலிருந்து வந்த கௌரி டீச்சரும் இல்லை என்றானார். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையில் கடைசி மூன்று வரிசைகளை மட்டும் யாரோ வெளியே நிறுத்தியதுபோல் இருந்தது.

இரண்டு கட்சிகளும் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டன. நிலத்தை விற்கக் கூடாது என்றவர்கள், டத்தோ திட்டம் போட்டுத் தங்கள் ஆட்களைத் தூக்கிவிட்டதாகச் சொன்னார்கள். டத்தோவின் ஆட்கள், இவர்கள் எல்லாம் சந்தா பாக்கி வைத்தவர்கள் என்றார்கள். “ஒ, ஓ, ஔவுல பேரு வச்சவன் பூராவும் சந்தா கட்டலயா?” என்று கௌரி டீச்சர் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

நான் மணிமாறனிடம் போனேன். “சார், இவங்க எல்லாரும் லிஸ்ட்ல இருக்காங்க. எழுத்து உள்ள வேற மாதிரி இருக்கு, அதான் கிடைக்கல. பதிவ நிறுத்துங்க, சரி பண்ணிடலாம்.”

“டத்தோ வர்ற நேரம்மா. இப்ப நிறுத்துனா நல்லா இருக்காது. கம்ப்யூட்டர் முடிவுதான் இறுதின்னு லெட்டரே போயாச்சு.”

பாயைப் பார்த்தேன். அவர் தே தாரிக் டம்ளரைப் பார்த்தார். “ஓடிக்கிட்டு இருக்கிறத நிப்பாட்டச் சொல்றியே லா” என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் கோபால் அண்ணன் குடையை ஊன்றிக்கொண்டு மேசைக்கு எதிரே நின்றபடியே இருந்தார். மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், அவர் மட்டும் உட்காரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போவது?

அப்போதுதான் டத்தோவின் கார் வந்தது. மாலை போட்டார்கள். புகைப்படக்காரர் ஒருவர், தலைவர் தானே பதிவு செய்வதுபோல் ஒரு படம் எடுக்கலாம் என்றார். டத்தோவுக்கு அது பிடித்திருந்தது. மாலையோடு முதல் மேசையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினார். சோமநாதன்.

இல்லை என்றது கணினி.

சிரித்துக்கொண்டே, பட்டத்தைச் சேர்த்துத் தட்டினார். டத்தோ சோமநாதன். அதுவும் இல்லை. பெயரில் ஒரு ஓகாரம், பட்டத்தில் ஒரு ஓகாரம். அவருக்குத் தப்பிக்க வழியே இல்லை.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். கோபால் அண்ணன் மிகவும் மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க டத்தோ. இங்க இடம் இருக்கு.”

கூடாரமே சிரித்தது. டத்தோ எழுந்தார். “பாய்! இதென்ன டெக்னிக்கல் ப்ராப்ளம்? சீக்கிரம் சரி பண்ணுங்க!”

காலையிலிருந்து இறுதி முடிவாக இருந்தது, அந்த நொடியில் டெக்னிக்கல் ப்ராப்ளம் ஆகிவிட்டது. பதிவை நிறுத்தினால் நன்றாக இருக்காது என்ற மணிமாறனே ஓடிப்போய்ப் பதிவை நிறுத்தினார்.

இனிச் செய்ய வேண்டியது என் வேலை. அந்த மடிக்கணினிகளில் லைப்ரரியை நிறுவ முடியாது. நிறுவுவதற்குக் கடவுச்சொல் வேண்டும். அதை வைத்திருந்த அக்கா மகன் கேமரன் மலைக்குக் குடும்பத்தோடு போயிருந்தான், போன் எடுக்கவில்லை. எங்கள் மடிக்கணினிகளைப் போய் எடுத்துவர நேரமும் இல்லை. ஆகவே லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுவது ஒன்றே வழி. ஸ்டாட்டிக் லிங்க் என்பார்கள். புரோகிராம் பெருத்துப் போகும். ஆனால் எந்தக் கணினிக்குப் போனாலும் யாரிடமும் கையேந்தாது. காரிலிருந்து என் சொந்தக் கணினியைக் கொண்டுவந்து, மேடைக்குப் பக்கத்தில் மணமகள் அறையில் உட்கார்ந்தேன். பாய் பின்னாலேயே வந்து நின்றார்.

“என்னா பண்ணப் போற?”

“இவ்வளவு நாளா கறி கடையில இருந்துச்சு பாஸ். நீங்க வெறும் சோத்த மட்டும் மண்டபத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. இப்ப ரெண்டையும் ஒண்ணா பொட்டணம் கட்டப் போறேன்.”

“அட, இத முதல்லயே இப்படிச் சொல்லிருந்தா எனக்கு வெளங்கிருக்கும் இல்ல!” என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கிவிட்டது. அன்று முதல் ஸ்டாட்டிக் லிங்க்கைப் பாய் வேறு பெயரில் அழைத்ததில்லை.

கட்டளையைத் தட்டினேன். திரை முழுக்கப் பிழைகள். அந்த வேலையைச் செய்யும் பகுதி எங்கே, தெரியவில்லை. இது எங்கே, தெரியவில்லை என்று வரி வரியாக. லைப்ரரி என் கண் முன்னால் இருக்கிறது. லிங்க் செய்யும் கருவிக்கு மட்டும் தெரியவில்லை. வெளியே டத்தோ மைக்கில் தமிழர் ஒற்றுமையைப் பற்றிப் பேசி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை படித்தபோது என் பிழை தெரிந்தது. அவசரத்தில் லைப்ரரியை முன்னாலும் என் புரோகிராமைப் பின்னாலும் எழுதியிருந்தேன். அந்தக் கருவி இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். முதலில் வரும் லைப்ரரியை யாரும் இன்னும் கேட்கவில்லை என்று விட்டுவிடும். பிறகு புரோகிராம் வந்து கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது.

“என்ன தப்பு?” என்றார் பாய்.

“வரிசை மாறிப்போச்சு. நம்ம ஐசியில பேரு போடுற மாதிரி பாஸ். மகன் பேரு முதல்ல, ஏ எல் போட்டு அப்பா பேரு பின்னால. நான் அப்பாவ முன்னால போட்டுட்டேன்.”

“மாத்து, மாத்து. டத்தோவுக்குப் பேச்சு தீரப் போவுது.”

அது தீரும் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மாற்றினேன். இந்தத் தடவை திரையில் ஒன்றுமே வரவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றும் வராமல் இருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பொருள். பாய் மட்டும், வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு எழுத்துகூட ஓடவில்லையே என்று வருத்தப்பட்டார்.

பென்டிரைவில் எடுத்துப் போய் எல்லாக் கணினியிலும் போட்டோம். டத்தோ மறுபடியும் மாலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து தட்டினார். வந்தார். கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பிறகு கூடாரத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பொன்னுசாமி இருந்தார். சொர்ணம் இருந்தார். கௌரி டீச்சர் தன் பெயரைத் திரையில் பார்த்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சோதித்துவிட்டு உள்ளே போனார். கோபால் அண்ணனின் பெயரை டியூஷன் டீச்சர் தட்டியபோது அவர் திரையைப் பார்க்கவே இல்லை. “இருக்கீங்க அங்கிள்” என்று டீச்சர் சொன்னதும், குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று உள்ளே நடந்தார்.

இவ்வளவு பாடுபட்டு ஆட்களை உள்ளே விட்ட பிறகு, நிலத்துக்கான ஓட்டு கை தூக்கித்தான் எடுக்கப்பட்டது. கணினியில் பெயரைத் தேடியவர்கள், தூக்கிய கைகளை விரல் நீட்டி எண்ணினார்கள். விற்கலாம் என்பவர்கள் தூக்கினார்கள். விற்கக்கூடாது என்பவர்கள் தூக்கினார்கள். கோபால் அண்ணன் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, ஒரு கைதான்” என்றார் மணிமாறன்.

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு காலையில இல்லாமப் போன கோபாலுக்கு.”

“அப்படியெல்லாம் சட்டத்துல இடமில்ல அண்ணே.”

“கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுப் பாருங்க லா” என்றபடி ஒரு கையை இறக்கினார்.

மணிமாறன் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். விற்பதற்குப் போதிய கைகள் இல்லை. நூலிழை வித்தியாசம்தான். கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே வராமல் போயிருந்தால் நிலம் அன்றைக்கே கைமாறியிருக்கும். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அந்த வீடுகள் தப்பின.

டத்தோ நன்றியுரையில், கணினி முறை மாபெரும் வெற்றி என்றார். தமிழை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோன பெருமை நிர்வாகக் குழுவைச் சேரும் என்றார். காதர் பாயும் சும்மா இருக்கவில்லை. மறு வாரமே ஒரு கோயில் நிர்வாகத்தினரிடம், “டத்தோவே காணாமப் போனாலும் கண்டுபிடிச்சுக் குடுப்போம்” என்று சொல்லி வேலை வாங்கிவிட்டார்.

கூட்டம் முடிந்து, பிரியாணி முடிந்து, மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. நான் மடிக்கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தபோது கோபால் அண்ணன் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

“தங்கச்சி, அந்தப் புள்ள காலையில என்னமோ தட்டுச்சே, அது எப்படி என் பேரு இல்லாமப் போச்சு?”

சொன்னேன். ஒரே எழுத்தை இரண்டு விதமாக உள்ளே வைக்கலாம், கண்ணுக்குத் தெரியாது என்று. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி, எனக்கு முன்னால ஒரு தடவ தட்டிக் காட்டு. ரெண்டு விதமாவும்.”

கடைசியாக அணைக்காமல் இருந்த கணினியில் முதலில் ஒரே துண்டாகத் தட்டினேன். கோபால் என்று வந்தது; கீழே அவருடைய ஊர், உறுப்பினர் எண். பிறகு சரஸ்வதியின் பழைய முறைப்படி, கொம்பு தனியாக, கால் தனியாகத் தட்டினேன். அதே பெயர், அதே ஊர், அதே எண்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ரெண்டும் நான்தானே?”

“ரெண்டும் நீங்கதான் அண்ணே.”

“அப்பச் சரி” என்று நிமிர்ந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”